பொட்டு வைத்த தத்துவஞானி

ஹாலில் சோபாவுக்கு மேலே படமாகத் தொங்கிக்கொண்டிருந்த கிரேக்கத் தத்துவஞானி கொதித்துப் போயிருந்தார். வீட்டுவேலைக்கு வரும் செங்கமலம் அவருடைய தாடியைப் பார்த்து, யாரோ சித்தர் என்று நினைத்துத் தினமும் பொட்டு வைத்துப் பூவும் செருகிக்கொண்டிருந்தாள்.

“கேள்வி கேட்காமல் எதையும் நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவன் நான். எனக்கே பூஜையா?” என்று, படத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம் பொரிந்து தள்ளினார்.

“தலையை ஆட்டாதீங்க, பூ விழுந்துடும்” என்றது பல்லி.

ஒருநாள் செங்கமலம் வீட்டு முதலாளியிடம் கேட்டாள். “இவரு எந்த ஊரு சாமி சார்?”

“சாமியா? சோபா கலருக்குப் பொருத்தமா இருந்துச்சுன்னு வாங்கினேம்மா.”

மறுநாள் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. தத்துவஞானி மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

“அவளை யார் கேள்வி கேட்கச் சொன்னது?” என்று பல்லியிடம் சீறினார்.