துணிக்கு அடியில் கிடந்தவர்

லைட்மேனுக்கு அவர் மனைவி இருபத்தைந்து ரூபாய் பாக்கி.

பாக்கி என்பது அவர் கணக்கு. பந்தயத்தில் தோற்றால்தானே பாக்கி என்பது அவள் கணக்கு.

கல்யாணமான புதிதில் கட்டிய பந்தயம் அது. பெரிய டைரக்டரின் கொலைப் படத்தில் பிணமாக நடித்திருக்கிறேன் என்று அவர் பீற்றிக்கொள்ள, திரையில் காட்டினால் பணம் என்று சொல்லிவிட்டாள்.

காட்ட முடியவில்லை. படம் ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போய்விட்டது.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவளுக்கு இதே பேச்சுதான். அந்த டைரக்டர் படத்தில் ஆளுக்குப் பாதி முகம்தான் வெளிச்சத்தில் இருக்குமாம், இவர் மிச்சப் பாதியில் இருந்தாராம். எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரிப்பார். புது மருமகன் சிரித்தபோது மட்டும் சுருக்கென்றது.

இப்போது அந்த டைரக்டரின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. தியேட்டரில் அதே கொலைப் படம், பகல் காட்சி. மனைவியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகத்தை மூடியல்லவா படம் பிடித்தார்கள்?

அதுவும் ராப்பகலாக விளக்கு தூக்கிய உடம்பு. மேஜையில் படுத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் யாரோ உலுக்கியதுதான். டைரக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்சியைக் கெடுத்துவிட்டோம் என்று அன்றைக்குக் கூலிகூட வாங்காமல் நழுவியவர் இவர். வெட்டி எறிந்திருந்தால்?

திரையில் பிணவறை வந்தது. சுவரெல்லாம் ஜன்னல் கம்பியின் நிழல். நடுவில் மேஜை, மேலே வெள்ளைத் துணி. கொலைகாரன் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான்.

அதுதான் நான் என்று கிசுகிசுத்தார். துணிதான் தெரிகிறது என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மரத்தை அறுப்பதுபோல மெல்ல ஏறி, உச்சியில் சற்று நின்று, விசிலாக இறங்கியது. கொலைகாரன் வெலவெலத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மனைவியின் முழங்கை அவர் விலாவில் இடித்தது.

"ஏங்க, திரும்பிப் படுங்க."

அவர் கொட்டக் கொட்ட விழித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சத்தம் மறுபடி ஏறியது. அவள் அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

பிறகு இருட்டிலேயே பர்ஸைத் துழாவி, இருபத்தைந்து ரூபாயை அவர் சட்டைப் பையில் திணித்தாள். கண் மட்டும் அந்த வெள்ளைத் துணியை விட்டு அகலவில்லை.