மூன்று வேளையும்

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் காது கூசியது.

ஆஸ்பத்திரி கேன்டீன். மணி பதினொன்றரை. பெற்ற குழந்தை மூன்றாவது மாடியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறது. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த பெண். எடை ஒரு கிலோ நூறு கிராம். ஆறு நாள் நன்றாகத்தான் இருந்தாள். இன்று காலை திடீரென்று வயிறு உப்பி, உடம்பு நீலம் பாரித்து, குடலில் ஓட்டை என்று சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

இவள் என்னடாவென்றால் தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள்.

"உனக்கு எப்படிம்மா தொண்டையில இறங்குது?"

"சாப்பிட்டாதானே பால் வரும், அண்ணி. வெளியே வந்ததும் அவளுக்கு வேணும்ல?"

"வந்ததும்..." என்று இழுத்த அக்கா, மீதியை மென்று விழுங்கினாள்.

அக்கா தையல் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவள். குழந்தை நல்லபடியாக வெளியே வரும்வரை ஒரு பருக்கை தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இதுவரை இரண்டு காபியும் நாலு பிஸ்கட்டும் ஆகியிருந்தன. அதெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா என்ன?

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலை உடுப்போடு வந்தவன், தியேட்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"டாக்டர் என்னடா சொன்னார்?"

"பாதிக்குப் பாதின்னார்."

"அதைக் கேட்டுட்டா இப்படிக் கல்லு மாதிரி நிக்கிறே?"

"பாதி இருக்கே, அக்கா."

ஒன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"கெட்டுப்போன குடலை எடுத்தாச்சு. இனிமே அவ தாக்குப்பிடிக்கிறதைப் பொறுத்து. பன்னிரண்டு நாளைக்கு வாய் வழியா எதுவும் கிடையாது. ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது. எல்லாம் நரம்பு வழியாத்தான்."

சரி, இனி இவளுக்கும் சோறு இறங்காது என்று அக்கா நினைத்தாள்.

இறங்கியது. மூன்று வேளையும் இறங்கியது. போதாததற்கு நடுவில் முட்டை, பழம், ஒரு டம்ளர் பால். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் திரைக்குப் பின்னால் போய் பம்ப் வைத்துப் பால் எடுத்தாள். தம்பி அந்தச் சின்ன பாட்டில்களைத் துணியில் சுற்றி, பச்சிளங்குழந்தை வார்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

"குழந்தைதான் குடிக்கக் கூடாதே! இது யாருக்குடா?"

"தேவைப்படும், அக்கா" என்றான். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். ஒரு நர்ஸ் வந்து, "இப்பவே வந்து பார்த்துக்குங்க" என்றாள். அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை விட்டுத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். வெளியே வந்தார்கள்.

வந்தவள் நேரே கேன்டீனுக்குப் போனாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வராந்தா ஓரத்தில் நின்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டாள்.

"கல்லு மனசு, சித்தி! புள்ளை இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இவளுக்கு ஒரு வேளை தப்பலே. நான் பார்த்ததைத்தான் சொல்றேன்."

இரண்டாவது போனிலும் அதையே சொன்னாள். மூன்றாவதில் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள்.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் மூச்சுக்காக வாயில் வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். லிஃப்ட் மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் தேம்பினான்.

பதின்மூன்றாம் நாள் காலை, "ஒரு மில்லி பால் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வார்டு வாசலுக்குப் போய்த் தலைமை நர்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் சேர்த்து வச்சிருக்கிற பாலே எங்க பொண்ணுக்கு ஒரு மாசத்துக்குக் காணும், இல்லையா சிஸ்டர்?"

"சேர்த்து வச்ச பாலா? இன்னைக்குக் காலையில எடுத்த ஒரு பாட்டில்தான் இருக்கு."

"அப்போ மீதி?"

நர்ஸ் கண்ணாடி வழியாகக் காட்டினாள். அடுத்த பெட்டியில் கைமுஷ்டி அளவு தலையோடு ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவன் அம்மா பிரசவத்துல தவறிட்டாங்க. பவுடர் பால் ஒத்துக்கலே. உங்க பொண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் இவன் அப்பா இங்கே நின்னு அழுறதை உங்க தம்பியும் அவர் சம்சாரமும் பார்த்தாங்க. அவங்களே வந்து டாக்டர்கிட்டே கேட்டாங்க. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சோம். யார் பால்னு இவன் அப்பாவுக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அக்கா கண்ணாடியோடு ஒட்டி நின்று அந்தப் பையனைப் பார்த்தாள்.

"நாலாம் நாள் உங்க பொண்ணு பிழைப்பாளான்னு எங்களுக்கே தெரியலே. 'இன்னைக்காவது விடுங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்'னு நான்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'எம்பொண்ணு எழுந்திருச்சுடுவா சிஸ்டர், அவ பங்கு அப்போ வரும். இவனுக்கு இப்பவே பசிக்குமே'ன்னு சொல்லிட்டு, சாப்பிடப் போனாங்க."