எட்டில் நாலு

“ஏட்டி, எம் மவன்கிட்ட என்ன கொறைய கண்ட?”

தி.நகர் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் உடன்பிறந்த அத்தை இசக்கியம்மாள் கேட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்தான். சரண்யா சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு துணிக்கடைக்காரரோட என்னால காலம் தள்ள முடியாது அத்தை.”

அத்தை மகன் பாலகணேஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்புறம் ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? பொண்ணு படிச்சுண்டே இருந்தா இப்படித்தான் ஆறது என்று எதிர்வீட்டு மாமி இழுத்தாள். துணிக்கடையில் மூட்டை தூக்கும் குப்பன், படிச்ச திமிரு நைனா, வேற இன்னா கீது என்றான். அப்பா முருகன் மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அடையாறு ஆய்வுக்கூடத்தில் தோழி ஹாஜிரா பீ பிடித்துக்கொண்டாள். “அத்தான் அத்தான்னு உருகினவதானே நீ? ஏண்டி?”

சரண்யா தன் ஆய்வு முடிவு இருந்த ஒரு காகிதத்தை நீட்டினாள்.

உடம்பில் கொலஸ்டிராலை உண்டாக்கும் ஒரு என்சைமின் மரபணுவைக் குளோன் செய்து நகல் எடுப்பதுதான் அவள் வேலை. மனித மாதிரி வேண்டுமென்றால் அவரவர் ரத்தத்தையே எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். எட்டு குளோனில் நாலு சரி. மீதி நாலிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. கை சுத்தமில்லை என்று ஆய்வு வழிகாட்டி சார் திட்டினார். புதிதாக ரத்தம் எடுத்துச் செய்தாள். அதே இடம், அதே பிழை.

“அப்போ கைத்தப்பு இல்லடி, உன் ரத்தத்துலயே இருக்கு. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணுன்னு வர்ற ரெண்டு மரபணுல உனக்கு ஒண்ணு பிழை, அதான் எட்டுல நாலு. இருந்தா என்ன, உனக்கு ஒண்ணும் ஆகாது. கட்டிக்கிறவருக்கும் இதே இருந்தாத்தான் பிள்ளைக்கு ஆபத்து.”

“அத்தான்கிட்டயும் எடுத்துப் பார்த்தேன். உன் படிப்புக்குன்னா எவ்வளவு வேணா எடுத்துக்கன்னு கையை நீட்டினாரு. அவருக்கும் இருக்கு.”

ஹாஜிராவுக்குக் கோபம் வந்தது. அதுக்கு எதற்குத் திமிர் பிடிச்சவள் என்று பேர் வாங்கணும், இந்தக் காகிதத்தைக் காட்டினால் போதாதா, கருவிலேயே பரிசோதிக்க வழி இருக்கிறது, கல்யாணமே கூட நடக்கலாமே என்று அடுக்கினாள்.

சரண்யா காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

“அத்தானுக்கு முன்னாடி அத்தைக்கு மூணு பிள்ளைங்க பொறந்து பொறந்து செத்துச்சு. உன் பொறந்த வீட்டு ரத்தமே கெட்டதுன்னு மாமா வீட்ல இன்னும் அத்தையைச் சொல்றாங்க. அந்தப் பொறந்த வீட்டுப் பொண்ணு நான்; இந்தக் காகிதம் அவங்க கைக்குப் போயிருந்தா அதுக்குச் சாட்சி ஆயிருக்கும். மாமாவுக்கும் அதுல பாதி பங்குன்னு சொன்னா அங்க யாரு கேப்பா? முப்பது வருஷமா அத்தை ஒருத்திதான் அதை நம்பாம இருக்கா.”