தாளம் ஓய்ந்த பதிகம்

கண்டிக்கு அருகே, மகாவலிக் கரையின் சிறிய சிவாலயத்தில் உச்சிப் பூசை முடிந்திருக்கிறது. கர்ப்பூரப் புகை வெயிற்கீற்றில் கலையாமல் நிற்கிறது. "ஆணும் ஆணும் சேர்ந்து வாழுறது மிருகம்கூடச் செய்யாத பாவம். சிவன் மன்னிக்கவே மாட்டார்!" என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறார் பிரசங்கியார். சபை தலையாட்டுகிறது. பதிகம் பாடும் வீரசிங்கம் மட்டும் நிமிரவில்லை. அருகே தாளம் ஏந்தியிருக்கும் தில்லைநாதனும் அவரும் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ், ஒருவருக்கு ஒருவராய் வாழ்கிறவர்கள். ஊருக்கு அவர்கள் வெறும் கூட்டாளிகள். பிரசங்கத்தைப் பதிகத்தோடு நிறைவுசெய்வதே அங்கு வழக்கம். "என்ன வீரசிங்கம் ஐயா, தொண்டை கட்டிப் போச்சா? பாடுங்க!" என்று கோயில் தலைவர் சிரிக்கிறார். இன்றைய பதிகம், அடியார் தம்மைப் பெண்ணாக எண்ணி ஈசன்மேல் காதலுற்று உருகுவது.

"பாடாதீங்க," என்கிறார் தில்லைநாதன், வீரசிங்கத்துக்கு மட்டும் கேட்கும்படி. "இப்படிப் பேசின மனுசனுக்காகப் பாடாதீங்க."

வீரசிங்கத்தின் குரல் எழுகிறது. நாற்பது ஆண்டுப் பழக்கமும் சபையின் கண்களும் அதனை எழுப்புகின்றன. தில்லைநாதன் தாளத்தைப் பாயில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு, செருப்பையும் தேடாமல் படியிறங்கிப் போகிறார். தாளமின்றியே பாட்டு நடக்கிறது.

"அடடா, இதுவல்லவா காதல்!" என்று பிரசங்கியார் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்.