உருண்டை பிடிக்காத கோசு

சாகுபுரம் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் மார்கழி மாதத்துப் பத்து மணி வெயில் விழுகிறது. ஜீவமணி மண்வெட்டியோடு பாத்தியின் முன் நிற்கிறாள். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஜெபசீலன் போன விடுமுறையில் கொடுத்த சீமைக் கோசு விதை இது. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றி, மூன்று மாதம் பதினோரு நாள் வளர்த்தாயிற்று. சுருட்டை இலைகள் முழங்கால் உயரம் நிற்கின்றன. நடுவில் ஒரு உருண்டைகூடப் பிடிக்கவில்லை. தம்பிக்கு இதைச் சமைத்துப் போடுவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். இன்று மாலை ரயிலில் அவன் மறுபடியும் கப்பலுக்குப் போகிறான்.

வேலிக்கு அந்தப்புறம் ஆறுமுகத்தாய் சிரிக்கிறாள். "ஏளா, உருண்டை பிடிக்கட்டும்னு அடி இலையெல்லாம் ஒடிச்சு எங்க ஆட்டுக்குப் போட்டியே. இப்ப ஆடுதான் உருண்டையா இருக்கு."

ஜெபசீலன் தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறான். "வெட்டாதக்கா. இது உருண்டையே பிடிக்காது. இலையத்தான் திங்கணும்."

"இத விதை குடுக்கையில சொல்லக்கூடாதாலே?"

மண்வெட்டி சுவரில் சாய்கிறது. ஜீவமணி இலைகளை ஒடித்துத் தண்டை உருவி, பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயத்தோடு வதக்கி மூடுகிறாள். முருங்கைக்கீரையைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. தேங்காய்ப்பூ தூவி இறக்கியதும் ஜெபசீலன் பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு மறுபடியும் தட்டை நீட்டுகிறான். வேலியில் ஆடு கத்துகிறது. அதற்கு இலை போடும் நேரம் இது. ஜீவமணி தண்டுகளை அள்ளிப் போடுகிறாள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னாமல், அவன் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.