ஜப்பானா, அமெரிக்காவா

மனைவி போனபிறகு எந்தப் பிள்ளை வீட்டில் காலம் கழிப்பது என்பதை இன்பமணி வாத்தியார் பாசத்தை வைத்தா முடிவு செய்வார்? கணக்கு வாத்தியார் அல்லவா, நோட்டில் கட்டம் போட்டார். அமெரிக்கா, மகள் வீடு: சராசரி ஆயுள் எழுபத்தெட்டு, அதிகம் பேரைக் கொண்டுபோவது இதய நோய். ஜப்பான், மகன் வீடு: எண்பத்துநாலு, புற்றுநோய்.

“ஆறு வருசம் லாபம், வே. ஜப்பானுக்கே போயிருதேன்” என்றார், எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை எஸ்றாவிடம்.

“ஆறு வருசமும் பச்சை மீனைத் திங்கணுமே, சார்!”

அப்போது கோயிலில் துக்க மணி அடித்தது. அவர்கள் சபையில், இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. அடிக்க வேண்டிய எஸ்றாவோ தம்ளரும் கையுமாக இங்கே உட்கார்ந்திருந்தார். இருவரும் எண்ணினார்கள். எண்பத்துநாலைத் தாண்டியது. நூற்றைத் தாண்டியது. நூற்று நாற்பதிலும் அதே நிதானம்.

“யாரு சார் அது?”

“யாரா இருந்தா என்னவே? நம்ம ஊர்க்காரம்லா!”

டிக்கெட் போட வேண்டாம் என்று மகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வாத்தியார் நோட்டின் மூன்றாவது வரியில் பாளையங்கோட்டை என்று எழுதினார். வயதுக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். மணி இன்னும் நிற்கவில்லை.