துடைத்த பனி

வேறெங்கும் கிடைக்காத பழைய ஜப்பானிய அனிமே கார்ட்டூனை மூன்று பிளேயர்களில், இரண்டு திரைகளில் ஓட்டிப் பார்த்து, பனி விழுவது ஒவ்வொரு துகளாகத் தெரிவது பழைய பிக்சர் டியூப் டிவியில்தான் என்று மாலை வகுப்பு நோட்டில் குறித்திருந்தேன். இன்று வகுப்பு முடிந்து வந்தபோது அண்ணன் அதைப் புது டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தான். பனியே இல்லை. என் நினைவுதான் தப்போ என்று நோட்டைப் புரட்டினேன். பன்னிரண்டாம் நிமிடம், பனி என்றுதான் இருந்தது.

"ஒரே புள்ளி புள்ளியா இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல போட்டுத் துடைச்சிட்டேன். இப்போ கண்ணாடி மாதிரி இல்ல?"

"அசல் ஃபைல் எங்கண்ணா?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இடத்த அடைச்சுது. அழிச்சிட்டேன்."

திரையில் கார்ட்டூன் சிறுமி ஒருத்தி, இல்லாத பனியைப் பிடிக்க நாக்கை நீட்டினாள்.

அண்ணன் சிரித்தான். "யாருக்குடி இவ பழிப்பு காட்றா?"

"உனக்குத்தான்."